பாரிஸில் போனைப் பறிகொடுத்தால் என்னென்ன பூட்டிக்கொள்ளும்

பாரிஸ் போகிறேன் என்றதும் எல்லோரும் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: பிக்பாக்கெட் ஜாக்கிரதை. பாஸ்போர்ட்டை உள்பையில் வைத்து, யூரோவை இரண்டு இடமாகப் பிரித்து, கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டுதான் ஊர் சுற்றினேன். கடைசியில் போனது பணமும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை, போன். 42,000 ரூபாய் போன் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதோடு சேர்ந்து தங்கியிருந்த வீட்டு வாசல், வங்கிக் கணக்கு, மெயில், காசு கட்டி வாங்கிய டிக்கெட் எல்லாம் ஒரே நொடியில் பூட்டிக்கொண்டதே, அதைப் பற்றி யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜூனில் அலுவலக வேலையாக ஜெர்மனி போயிருந்தேன். வேலை முடிந்ததும் லேப்டாப்பைச் சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு, லீவு போட்டு, தனியாக ரயிலேறிப் பாரிஸ் வந்தேன். பாரிஸ் நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. லூவர் அருங்காட்சியகம் இருக்கும் நடுப்பகுதி முதல் வட்டாரம். அங்கிருந்து நத்தை ஓட்டின் சுழல்போல எண்கள் வெளியே சுற்றிக்கொண்டே போகும். நான் தங்கியது பத்தாம் வட்டாரத்தில், கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஓட்டல் இல்லை, இணையத்தில் பதிவு செய்த சின்ன ஒற்றை அறை வீடு. ஓட்டலைவிட மலிவு, சமைத்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. பாரிஸ் கட்டடங்கள் பலவற்றில் தெரு வாசலுக்குச் சாவி கிடையாது. சுவரில் எண் பொத்தான்கள் இருக்கும். குறியீட்டை அழுத்தினால் கதவு திறக்கும். வீட்டுக்காரர் அந்தக் குறியீட்டைச் செயலியில் செய்தியாக அனுப்பியிருந்தார். ஒவ்வொரு முறையும் போனைப் பார்த்துத்தான் அழுத்துவேன். இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில நாட்கள் சொர்க்கம்தான். மரே பகுதியில் காலையிலிருந்து மாலை வரை திரிந்தேன். 1612-இல் திறந்த பிளாஸ் தே வோஜ் என்ற சதுக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் கார்னவாலே அருங்காட்சியகத்துக்குள் போனேன். பாரிஸ் நகரத்தின் வரலாறு முழுக்க அங்கே இருக்கிறது, நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை. பெத்தி பலே அருங்காட்சியகமும் அப்படித்தான். லூவருக்கு அப்போது 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போல ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ ஆகிவிட்டது. லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. திட்டம் போடும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நானே பார்த்தேன்.

மோன்மார்த்ர் மேட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்வேர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி முன்பக்கப் படிகளில் ஏறினால், வண்ண நூலோடு சிலர் வந்து கைகுலுக்குவதுபோல விரலைப் பிடித்து வளையம் பின்னிவிட்டுக் காசு கேட்பார்கள். என் கையையும் ஒருவர் பிடித்தார். சத்தமாக "நோ" என்று சொல்லி இழுத்துக்கொண்டு நடந்தேன், விட்டுவிட்டார். மறுநாள் 12-ஆம் தடத்தில் லமார்க் கோலாங்கூர் நிலையத்தில் இறங்கிப் பின்பக்கத் தெருக்கள் வழியாக ஏறினேன். யாரும் தொந்தரவு செய்யவில்லை, தெருவும் அழகு. சாக்ரே கேர் தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. கீழே விழுந்த மோதிரத்தை எடுத்து "உங்களுடையதா?" என்று கேட்பவர்கள், கையெழுத்து வாங்க அட்டையோடு வருகிற பெண்கள், மூன்று குவளைக்குள் பந்தை ஒளித்துப் பந்தயம் கட்டச் சொல்பவர்கள் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான்: நிற்காமல் நடப்பது.

சம்பவம் நடந்தது ஜூன் 21. அன்று அங்கே இசைத் திருவிழா. 1982-இலிருந்து ஆண்டுதோறும் நடக்கிறது. அரங்கம், டிக்கெட் எதுவும் இல்லை. தெருமுனை, காபிக் கடை வாசல், தேவாலயப் படி என்று யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம். அந்த முறை சனிக்கிழமையில் வேறு வந்தது. ஊரே தெருவில்தான். சான் மார்த்தன் கால்வாய்க் கரையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ட்ரம்பெட் குழு, அங்கிருந்து நடந்தால் ஆப்பிரிக்க மேளம், இன்னொரு சந்தில் வயதான தாத்தா ஒருவர் அக்கார்டியனோடு தனியாக. இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருந்தது. கடைசியில் பஸ்தீல் வரை வந்துவிட்டேன். நள்ளிரவு தாண்டி, பஸ்தீலில் 5-ஆம் தட மெட்ரோவில் ஏறினேன்.

பெட்டியில் நிற்கவே இடமில்லை. கதவை ஒட்டி நின்றுகொண்டு, எடுத்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ரெபுப்ளிக் நிலையத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. கதவு மூடுவதற்கான ஒலி எழுந்தது. எனக்கு முதுகு காட்டி நின்ற பையன் திரும்பினான், போன் என் கையில் இல்லை, அவன் நடைமேடையில் இருந்தான், கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஓடக்கூட இல்லை, நடந்துதான் போனான். பக்கத்தில் நின்றவர்கள் பிரெஞ்சில் பரிதாபப்பட்டார்கள். எனக்கு வந்தது பயம் இல்லை, அப்படியொரு கோபம். கையில் பிடித்திருந்த பொருளை, அதுவும் திரை திறந்திருக்கும்போது எடுத்துக்கொண்டு போனான். அங்கே இது ரொம்பப் பழைய உத்தியாம். கதவோரம் நிற்பவர், போன் கையில், ஒலி எழும் நொடி: இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். மெட்ரோவில் போனை எடுத்தே ஆகவேண்டும் என்றால் பெட்டியின் நடுவில் போய், சுவரை ஒட்டி நின்று எடுங்கள்.

அடுத்த நிலையத்தில் இறங்கினேன். வெளியேறும் வழியில் சுவரில் பெரிய வரைபடம் இருந்தது, அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு தெருவும் அதில் இருக்கிறது. பெரும்பாலான மெட்ரோ நிலையங்களில் இது உண்டு. அன்றுவரை நான் ஏறிட்டும் பார்த்ததில்லை. மஜாந்தா சாலையில் நேராக நடந்தால் வீடு. திருவிழாக் கூட்டம் இருந்ததால் நடக்கப் பயமில்லை. வாசலுக்கு வந்து பொத்தான்கள் முன் நின்றபோதுதான் வயிறு கலங்கியது. நான்கு எண்கள், ஒரு எழுத்து. முதல் இரண்டு எண் ஞாபகம் வந்தது, மீதி வரவேயில்லை. வீட்டுக்காரரின் எண்ணும் போனில்தான். எதிரே கபாப் கடையில் விளக்கு எரிந்தது. ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். ரொம்ப நேரம் கழித்துக் கிடார் பையோடு ஒரு ஜோடி வந்து பொத்தானை அழுத்தியது. தெருவைக் குறுக்கே ஓடி, உள் சாவியைக் காட்டி, அவர்களோடு நுழைந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாடகை வீடு எடுக்கிறவர்கள் முதல் நாளே வாசல் குறியீடு, வீட்டுக்காரர் எண், சொந்த ஊரில் இரண்டு பேருடைய எண் இவற்றை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டுக்குப் பக்கத்தில் முகவரியை எழுதாமல் வேறு தாளில் எழுதுவது நல்லது.

மறுநாள் ஞாயிறு. பாரிஸில் பல கடைகள் மூடியிருக்கும். காலை பத்தரைக்கு ஈபிள் கோபுர உச்சிக்கு லிஃப்ட் டிக்கெட் எடுத்திருந்தேன், 35 யூரோவுக்கு மேல். க்யூஆர் குறியீடு மெயிலில், மெயில் திருடனிடம். அது அப்படியே போயிற்று. விடிந்ததும் ஃபொபூர் சான் தெனி தெருவில் வடக்கே நடந்தேன். கார் து நோர் நிலையம் தாண்டியதும் பலகைகள் தமிழாக மாறத் தொடங்கின. லா சப்பல். 80-களில் போரின்போது வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. நகைக்கடை, புடவைக்கடை, முடிவெட்டும் கடை, கொத்து ரொட்டி, முருங்கைக்காய். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. போன் விற்கிற ஒரு கடைக்குள் போய், "அண்ணா, ஊருக்கு ஒரு போன் பண்ணணும்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"பிள்ளை, முதல்ல இருங்கோ. தண்ணி குடியுங்கோ. எங்க, கோயம்புத்தூரோ? இந்தாங்கோ, எடுத்துக் கதையுங்கோ" என்று தன் போனையே நீட்டினார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "கதவுக்குப் பக்கத்தில போனைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறேல்லை பிள்ளை. இருவது வருசமா இஞ்ச இருக்கிறம், நாங்களே நிக்கிறேல்லை."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அம்மாவின் எண் மட்டும். அம்மா பதறி, அண்ணனை எழுப்பினார். இனி சொல்லப்போவதுதான் முக்கியம், வரிசையைக் கவனியுங்கள். முதலில் சிம். சிம் திருடனிடம் உயிரோடு இருக்கும்வரை ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போகும். சிம் நிறுவனத்தை அண்ணன் கூப்பிட்டு எண்ணை முடக்கினான். அடுத்து வங்கி. வாடிக்கையாளர்தான் பேச வேண்டும் என்றார்கள், அண்ணனிடம் பேச மறுத்துவிட்டார்கள். கார்டின் பின்னால் அச்சிட்டிருந்த வெளிநாட்டு எண்ணைக் கடைக்காரர் போனிலிருந்தே கூப்பிட்டு, மொபைல் பேங்கிங்கையும் யுபிஐயையும் நானே நிறுத்தினேன். காத்திருந்த நேரம் முழுக்க அவர் பில்லில்தான் ஏறியது; காசு கொடுத்தபோது வாங்கவில்லை.

மூன்றாவது மெயில். கடையில் 80 யூரோவுக்குப் பழைய போன் ஒன்றும் 20 யூரோவுக்கு சிம்மும் வாங்கி, கடவுச்சொல்லைச் சரியாகப் போட்டேன். "உங்கள் போனில் ஆமாம் என்று தொடுங்கள்" என்றது கூகுள். எந்தப் போனில்? இல்லாவிட்டால் குறுஞ்செய்தியில் வரும் எண்ணைப் போடச் சொன்னது. அதுவும் முடக்கிய சிம்முக்கு. வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் கூப்பிட்டு, "உன் பழைய டேப்லெட்டில் ஏதோ கேட்குது, ஆமாம்னு போடவா?" என்றான். வீட்டில் பாட்டு கேட்க விட்டுவந்த டேப்லெட்டில் என் கணக்கு திறந்தே இருந்திருக்கிறது. கோவையில் அவன் தொட்டான், பாரிஸில் எனக்கு மெயில் திறந்தது. அதன் வழியாகவே தொலைந்த போனைப் பூட்டி, திரையில் அண்ணன் எண் தெரியும்படி வைத்தான்.

இது எனக்குத் தற்செயலாக அமைந்தது. நீங்கள் திட்டமிட்டே செய்துகொள்ளலாம். நம்பிக்கையான ஒருவர் வீட்டில் உங்கள் கணக்கு திறந்த ஒரு கருவியை விட்டுச் செல்லுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எட்டு இலக்கக் குறியீடுகள் பத்து கொடுப்பார்கள், அவசரத்துக்கு ஒன்று ஒன்றாகப் பயன்படுத்தலாம். தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். ஆண்ட்ராய்டில் ரிமோட் லாக் என்ற வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்தால், போன் எண்ணை மட்டும் கொடுத்து வேறு யாருடைய போனிலிருந்தும் உங்கள் திரையைப் பூட்டலாம். ஐபோன் என்றால், தொலைந்த கருவியைத் தேடும் பக்கத்துக்குள் நுழைய இரண்டாம் குறியீடு கேட்காது, கடவுச்சொல் போதும். அதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணம் இன்னொரு கதை. வெளிநாட்டுச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு கையில் இருந்தது, அதில் இருந்தது சுமார் 140 யூரோ. மேலும் பணம் ஏற்ற ஓடிபி வேண்டும். பெட்டியில் இருந்த இன்னொரு வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்படவில்லை. 2020-இலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது அணைந்தே வரும், செயலியில் போய் இயக்க வேண்டும். செயலிக்கு ஓடிபி. சுற்றிச் சுற்றி அதே சுவரில் முட்டினேன். ஜெர்மனியில் இருந்த சக ஊழியர் பணமாற்று நிறுவனம் வழியாக அனுப்ப, பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் இரண்டு கார்டுகளிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, உச்சவரம்பு வைத்து, பின் எண்ணை ஒரு முறை ஏடிஎம்மில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பையில் இருக்க வேண்டாம்.

அன்று மதியம் காவல் நிலையம். பல மணி நேரக் காத்திருப்பு. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணைக் கேட்டார்கள். அப்பா பீரோவில் இருந்து டப்பாவை எடுத்துப் படித்துக் காட்டினார். புகார் ரசீது கொடுத்தார்கள், போன் கிடைக்குமா என்ற கேள்விக்கு அந்த அதிகாரி சிரித்தார். பயணக் காப்பீட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் உண்டு, பெட்டி தொலைந்தால் உண்டு, போனுக்குக் கிடையாது என்று நுணுக்கி எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த ரசீதை வாங்காமல் வராதீர்கள். உங்கள் சிம்மையும் கணக்கையும் வைத்து யாராவது ஏதாவது செய்தால் உங்கள் பக்கம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

வாங்கிய பழைய போனில் வரைபடம் திறப்பதற்குள் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். அதனால் மீதி நாட்களில் மெட்ரோ கவுன்டரில் கொடுத்த காகித வரைபடத்தை வைத்தே சுற்றினேன். பாரிஸ் இதற்குத் தோதான ஊர். தெருமுனையில் நீலப் பலகை, பச்சை ஓரம், தெருப் பெயருக்கு மேலே வட்டார எண். 1805-இல் கொண்டுவந்த கதவிலக்க முறை இன்னும் செல்லுகிறது. சீன் நதிக்குக் குறுக்காகப் போகும் தெருக்களில் எண் நதிப் பக்கத்திலிருந்து தொடங்கும், நதிக்கு இணையான தெருக்களில் நீரோட்டத்தின் திசையில் ஏறும். குறுக்குத் தெருவில் எண் குறைந்துகொண்டே வந்தால் நதியை நோக்கி நடக்கிறீர்கள். மெட்ரோவில் தட எண்ணும் கடைசி நிலையத்தின் பெயரும் தெரிந்தால் போதும், திசை தவறாது. வாரப் பாஸ் திங்களிலிருந்து ஞாயிறு வரைதான் செல்லும், எந்த நாளில் வாங்கினாலும். வியாழனுக்குப் பிறகு அந்த வாரத்துக்குத் தரமாட்டார்கள். வார இறுதிக்கு மட்டும் வருகிறவர்களுக்கு நஷ்டம்.

பயந்து இரவில் அறைக்குள் முடங்கவும் இல்லை. வார நாட்களில் மெட்ரோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி வரை, வெள்ளி சனி இரண்டேகால் வரை ஓடும். அதற்குப் பிறகு நொக்திலியன் இரவுப் பேருந்துகள். தனியாக வரும் பெண்களுக்கு ஓபர்காம்ஃப் தெரு, கால்வாய்க் கரை, மரே மூன்றும் எனக்குச் சரியாக இருந்தன. எல்லாத் தெருவிலும் ஆள் இருக்கிறார்கள். குடிக்காதவர்கள் தியாபோலோ மந்த் கேளுங்கள், புதினா சிரப் கலந்த பச்சை லெமனேட். ஒன்றை வாங்கி ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் விரட்டமாட்டார்கள். சாப்பாட்டோடு "கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் இலவசம், சும்மா தண்ணீர் என்றால் பாட்டிலைத் திறந்து பில்லில் ஏற்றுவார்கள். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது, டிப்ஸ் உங்கள் இஷ்டம். பிகால் பக்கம் முலான் ரூஜ் என்ற நடன அரங்கின் காற்றாலையைப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் வாசலில் நின்று "உள்ளே வாருங்கள், நுழைவு இலவசம்" என்று அழைக்கும் பார்களுக்குள் போகாதீர்கள். வெளியே வரும்போது பில் நூறு யூரோக்களில் நிற்கும்.

டிக்கெட் வீணான ஈபிள் கோபுரத்தை பீர் ஹக்கேம் பாலத்திலிருந்து பார்த்தேன். இருட்டியதும் ஒவ்வொரு மணிக்கும் 5 நிமிடம் 20,000 விளக்குகள் மினுமினுக்கும். ஜூனில் 11 மணிக் காட்சிதான் முழு இருட்டில் தெரியும். அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் பையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்து மாற்று சிம் வாங்கிய பிறகுதான் வங்கிக் கணக்கு முழுதாகத் திறந்தது. போன், புதுப் போன், டிக்கெட், அழைப்பு, அலைச்சல் எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய்க்கு மேல். அதோடு முடியவில்லை. பூட்டிய திரையில் அண்ணன் எண்ணைக் கொடுத்திருந்தோம் இல்லையா, அதற்கு ஒரு நாள் ஆங்கிலத்தில் செய்தி வந்தது: உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் போய்த் திரைப் பூட்டின் எண்ணைப் போட்டால் இருப்பிடம் தெரியும் என்று. பார்ப்பதற்குப் போன் நிறுவனமே அனுப்பியதுபோல இருந்தது. பூட்டிய போனை அவர்களால் நல்ல விலைக்கு விற்க முடியாது, அந்த எண்ணுக்காகத்தான் இந்த வேலை. அண்ணன் போடப் போய், கடைசி நேரத்தில் என்னைக் கேட்டான். இப்போதும் அவ்வப்போது வேறு வேறு பெயரில் வருகிறது. போன வாரம் வந்ததில் "அவசரம், இன்றே கடைசி நாள்" என்று இருந்தது.